எழுதி முடித்தவை எத்தனை?

திரைக்கதை எழுத்தாளராக வேண்டும் என்று ஆலோசனை கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இதுவரை எத்தனை திரைக்கதை எழுதி முடித்திருக்கிறீர்கள்?" என்ன கதை, எந்த நடிகரை மனதில் வைத்திருக்கிறீர்கள் என்பதெல்லாம் அப்புறம். பெரும்பாலும் வருகிற பதில், "கதை முழுசா மனசுல இருக்கு சார், உட்கார்ந்து எழுத வேண்டியதுதான் பாக்கி." அந்த ஒரே கதையை வருடக்கணக்கில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அவர்களுடைய ஆர்வத்தில் எனக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. அந்த ஆர்வமும் வருடங்களும் வீணாகிவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

வாயால் சொல்லும்போது கதை நன்றாகத்தான் இருக்கும். கேட்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே குரலை ஏற்றி இறக்கலாம், தொய்வான இடம் வந்தால் சட்டென்று தாண்டிவிடலாம். "அந்தச் சமயத்தில் அவனுக்கு வாழ்க்கையே வெறுத்துவிடுகிறது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். தாளில் அந்தச் சலுகை கிடையாது. அவன் எங்கே நிற்கிறான், என்ன செய்கிறான், அவன் வெறுத்துப்போனது பார்க்கிற நமக்கு எப்படித் தெரிகிறது என்று எழுதியாக வேண்டும். கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத எதையும் திரைக்கதையில் எழுதிப் பயனில்லை. வழக்கமான வடிவத்தில் ஒரு பக்கம் என்றால் திரையில் சுமார் ஒரு நிமிடம் என்று தொழிலில் ஒரு கணக்கு இருக்கிறது. முழுநீளப் படத்துக்குப் பொதுவாக 90 முதல் 120 பக்கம் வரும். மனதில் முழுதாக இருப்பதாகத் தோன்றும் கதையை எழுத உட்கார்ந்தால் பலருக்கு 30 பக்கத்திலேயே சரக்கு தீர்ந்துவிடுகிறது.

ஆபத்தான இடம் அதுதான். தொடக்கம் உற்சாகத்தில் ஓடிவிடும், முடிவும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். நடுவில் நாயகன் அடுத்து என்ன செய்வான் என்று தெரியாமல் வாரக்கணக்கில் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிவரும். சரியாக அந்த நேரம் பார்த்து வேறொரு கதை தோன்றும். இதைவிடப் பல மடங்கு நல்லதாகவும் தெரியும். அது இன்னும் எழுதப்படவில்லை என்பதால்தான் அப்படித் தெரிகிறது. அதற்கும் ஒரு நடுப்பகுதி உண்டு. புதுக் கதையை ஒரு பக்கத்தில் குறித்து வைத்துவிட்டு, மோசமாக வந்தாலும் பரவாயில்லை என்று கையில் இருப்பதை எழுதி முடியுங்கள். முடிக்காத பத்துக் கதைகளைவிட, முடித்த ஒரு சுமாரான டிராஃப்ட் உங்களுக்கு அதிகம் கற்றுத்தரும்.

படம் பார்ப்பதில் இருக்கும் ஆசையையும் எழுதுவதில் இருக்கும் ஆசையையும் பலர் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். முதலாவது எல்லோருக்கும் இருக்கிறது. இரண்டாவது உங்களுக்கு இருக்கிறதா என்று பார்க்க, திரைக்கதைகளை எடுத்துப் படியுங்கள். ஆஸ்கர் போன்ற விருதுகளுக்கான காலத்தில் பல ஹாலிவுட் தயாரிப்பு நிறுவனங்களே தங்கள் படங்களின் திரைக்கதையை இணையத்தில் இலவசமாக வெளியிடுகின்றன. ஒரு கையில் திரைக்கதையும் எதிரில் படமுமாக உட்கார்ந்து, எழுதியதில் எது திரைக்கு வந்தது, எது விழுந்தது என்று சீன் சீனாக நிறுத்திப் பாருங்கள். இது சலிப்பாக இருக்கிறது என்றால் எழுத்து வேலை உங்களுக்கு இன்னும் சலிப்பாக இருக்கும். முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லதுதானே.

சரி, எழுதி முடித்தாயிற்று. உண்மையான வேலை இனிமேல்தான். என்னிடம் திரைக்கதையைக் காட்டி வந்த ஒரு இளம் எழுத்தாளரின் சீன் ஒன்றைச் சொல்கிறேன். பல வருடம் அப்பாவோடு பேசாமல் இருந்த மகள், அவர் இறந்தபிறகு வீட்டுக்கு வருகிறாள். முதல் டிராஃப்டில் அவள் அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று இரண்டு பக்கம் பேசினாள். கோபம், அழுகை, மன்னிப்பு எல்லாம் அந்த வசனத்தில் இருந்தன. ஆனால் எதுவும் மனதில் தைக்கவில்லை. அடுத்த டிராஃப்டில் வசனம் பாதியானது. அதற்கடுத்ததில் அதே வசனம் அண்ணனிடம் பேசுவதாக மாறியது. சீன் அப்போதும் படுத்தே கிடந்தது. ஒருநாள் நான் அவரிடம், "இந்தப் பெண் எதற்குப் பயப்படுகிறாள்?" என்று கேட்டேன். அப்பா கடைசிவரை கோபமாகவே இருந்திருப்பாரோ என்று பயப்படுகிறாள் என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லை, அவளை மறந்தே போயிருப்பாரோ என்றுதான் பயப்படுகிறாள்" என்றார்.

அதற்குப் பிறகு வந்த டிராஃப்டில் வசனமே இல்லை. வங்கிக் கணக்கு விவரம் தேட அப்பாவின் செல்போனைத் திறக்க வேண்டும். கடவுச்சொல் நான்கு இலக்கம். மகள் அம்மாவின் பிறந்தநாளைப் போடுகிறாள், திறக்கவில்லை. அண்ணனின் பிறந்தநாள், திறக்கவில்லை. பெற்றோரின் திருமண நாளும் இல்லை. போனை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போகிறாள். பிறகு திரும்பி வந்து, நின்றபடியே தன் பிறந்தநாளைப் போடுகிறாள். திறந்துகொள்கிறது. அரைப் பக்கம்தான்.

இந்த அரைப் பக்கம் அவருக்கு முதல் டிராஃப்டில் வந்திருக்கவே முடியாது. தன் பாத்திரத்தின் பயம் அப்போது அவருக்கே தெரியாது. விடாமுயற்சி என்றதும் நம் மனதுக்கு வருவது அலுவலக வாசல்களில் காத்திருப்பதும் போன் மேல் போன் போடுவதும்தான். அதுவும் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தொழிலில் விடாமுயற்சியின் பெரும்பகுதி, நன்றாக வந்துவிட்டது என்று நீங்கள் நம்பிய சீனை மறுபடி திறந்து உட்காருவதில்தான் இருக்கிறது.

நிராகரிப்பு பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலான நிராகரிப்புகள் பதிலாகக்கூட வராது, மௌனமாகத்தான் வரும். அதை உங்கள் திறமைக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பட்ஜெட் ஒத்துவராமல் இருக்கலாம், அதேபோன்ற படம் ஒன்று ஏற்கெனவே வேலையில் இருக்கலாம், படிக்கவே நேரம் கிடைக்காமல் போயிருக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் ஒரே இடத்தில் தடுக்கினால், அந்த இடத்தில் கோளாறு இருக்கிறது. அவர்கள் சொல்லும் தீர்வு தவறாக இருக்கலாம், கோளாறு இருப்பது மட்டும் நிச்சயம்.

காத்திருப்பது எப்படி என்பதற்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் திரைக்கதை எழுத்தாளர் டேவிட் சைட்லர். சிறுவயதில் திக்குவாயால் அவதிப்பட்டவர். அதே குறையோடு போராடிய பிரிட்டன் அரசர் ஆறாம் ஜார்ஜின் கதையை எழுத விரும்பி, அரசரின் மனைவியிடம் அனுமதி கேட்டார். தன் ஆயுள்காலத்தில் வேண்டாம் என்று அந்த அம்மையார் கேட்டுக்கொண்டார். சைட்லர் அதற்குக் கட்டுப்பட்டார். அம்மையார் 2002ல், 101ஆம் வயதில் காலமானார். இடைப்பட்ட காலத்தில் சைட்லர் சும்மா இருக்கவில்லை. தொலைக்காட்சிக்கும் சினிமாவுக்கும் எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு அந்தக் கதைக்குத் திரும்பி, அதை நாடகமாகவும் எழுதினார். அந்த நாடக வாசிப்பின் வழியாகத்தான் கதை இயக்குநரைச் சென்று சேர்ந்தது. 'தி கிங்ஸ் ஸ்பீச்' படத்துக்காக 2011ல் அவர் ஆஸ்கர் வாங்கியபோது வயது 73. அந்த வயதைச் சொல்லி வியப்பவர்கள் பலர். எனக்கு முக்கியமாகப் படுவது இடையில் அவர் எழுதிக்கொண்டே இருந்ததுதான்.

அதனால் வருமானத்துக்கு வழி செய்துகொள்ளுங்கள். வேலையை விட்டால்தான் ஆர்வம் உண்மை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வாடகை கவலையோடு எழுதுபவர், யார் என்ன திருத்தம் சொன்னாலும் தலையாட்டிவிடுவார். பெயர் எடுத்தவர்களுக்கே இந்தத் தொழிலில் ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் இடையே நீண்ட இடைவெளி விழும். 2023ல் அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு ஊதியமும் வேலை நிலையின்மையும் முக்கியக் காரணங்கள்.

ஆர்வம் மிகுந்தவர்களைத்தான் ஏமாற்றுவதும் சுலபம். கதைக் கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது. எழுதப்பட்ட வடிவத்துக்குத்தான் உண்டு. பதிப்புரிமைக்கான சர்வதேச உடன்படிக்கையான பெர்ன் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில் பதிவு செய்யாமலே அந்த உரிமை பிறந்துவிடுகிறது. ஆனாலும் தகராறு வந்தால் தேதியோடு கூடிய ஆதாரம் வேண்டும். எழுத்தாளர் சங்கத்திலோ பதிப்புரிமை அலுவலகத்திலோ பதிவு செய்துவிட்டு, யாருக்கு எப்போது எந்த டிராஃப்டை அனுப்பினீர்கள் என்று குறித்து வையுங்கள். வாயால் மட்டும் சொல்லிவிட்டு வந்த கதைக்கு நீங்கள்தான் சொந்தக்காரர் என்று நிரூபிப்பது மிகக் கடினம்.

உங்கள் கதையைப் படமாக்க உங்களிடமே பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். ஒப்பந்தத்தில் பெயர் எந்த வடிவில் திரையில் வரும், பணம் எந்தெந்தக் கட்டத்தில் வரும், எத்தனை திருத்தம் செய்துதர வேண்டும், குறிப்பிட்ட காலத்துக்குள் படம் தொடங்காவிட்டால் உரிமை உங்களிடம் திரும்புமா, இந்த நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். "நம்பிக்கையில்லையா?" என்று கேட்டால், நல்ல உறவு கெடக் கூடாது என்பதற்காகத்தான் என்று சொல்லுங்கள்.

திரைக்கதையை ஒருவரிடம் கொடுத்துவிட்டால், பதில் வரும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அடுத்ததைத் தொடங்குங்கள். உங்கள் எழுத்து ஒருவருக்குப் பிடித்து, அந்தக் கதை மட்டும் அவருக்குத் தோதுப்படாமல் போவது இந்தத் தொழிலில் சாதாரணம். அப்போது அவர் கேட்கப்போவது, "வேற என்ன வச்சிருக்கீங்க?" என்று. அன்று மாலையே அனுப்ப உங்களிடம் முடித்த ஒன்று இருக்க வேண்டும்.