டைல்: தட்டோடு

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஹார்ட்வெயார் கடையில் ஓடு கேட்டால் கூரை ஓட்டையே காட்டுவார்கள். அடுப்படிச் சுவரில் பதிப்பதற்கு 'டைல்ஸ்' என்று கேட்க வேண்டும். பன்மையையும் சேர்த்தே இரவல் வாங்கியதால், ஒன்றே ஒன்று உடைந்தாலும் 'ஒரு டைல்ஸ் உடைந்துவிட்டது' என்கிறோம்.

இந்த ஆங்கிலச் சொல்லின் மூலம் இலத்தீனின் 'தெகுலா'. மூடுதல், போர்த்துதல் என்ற வினையிலிருந்து பிறந்து, கூரை ஓட்டையே அது குறித்தது. பிறகுதான் தரைக்கும் சுவருக்கும் இறங்கி வந்தது. நம் 'ஓடு' இறங்கி வரத் தடை என்ன? முட்டையோடு, ஆமையோடு, மண்டையோடு எல்லாமே உள்ளிருப்பதைக் காக்கும் வன்மையான மேற்புறங்கள். அடுப்படிச் சுவருக்கு வேண்டியதும் அதுவே.

'சுவரோடு' என்று எழுதினால் 'சுவருடன்' என்றும் படிக்க இடமுண்டு. 'தரையோடு' என்பதிலும் அதே குழப்பம். தட்டையான ஓட்டுக்குத் 'தட்டோடு' என்ற பழைய சொல் அகராதியிலேயே இருக்கிறது. சுவர்த் தட்டோடு, தரைத் தட்டோடு என்பவை எனக்கு மிகவும் பிடித்தவை; கடைப் பலகைகளில் அவற்றைப் பார்க்க ஆசைப்படுகிறேன்.

அடுப்புக்கும் கழுவுதொட்டிக்கும் பின்னால் பதிக்கும் பட்டையைப் பிரித்தானியர் 'ஸ்பிளாஷ்பேக்' என்பார்கள், அமெரிக்கர் 'பேக்ஸ்பிளாஷ்' என்பார்கள். 'பின்தெறிப்பு' என்று பெயர்த்தால் பொருளே விளங்காது. அதன் வேலையைச் சொல்லும் 'தெறிகாப்பு' நல்லது.

மேசன் பாஸை அழைக்காமல் தாமே தெறிகாப்புப் பதிக்க நினைப்பவர்கள் (மேசன் பாஸ் என்றால் கொத்தனார்; இந்தப் 'பாஸ்' ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல்) முதலில் சுவரின் புகைக்கரியைச் சுரண்டிக் கழுவ வேண்டும். விறகடுப்பு எரிந்த நம் அடுப்படிகளில் இதுவே பெரிய வேலை. கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் பசை சுவரைப் பற்றாது. தட்டோடு கழன்று விழும். சுவர் காய்ந்ததும் மட்டம் பார்த்துக் கோடு கீறி, கீழ் வரிசையிலிருந்து மேலே பதித்துச் செல்லுங்கள். ஓடுகளுக்கிடையே 2 அல்லது 3 மில்லிமீற்றர் விட்டால் போதும்.

அந்த இடைவெளியை நிரப்பும் 'கிரவுட்', கரகரப்பாக உடைத்த தானியத்தைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் 'இடைச்சாந்து' எனலாம். பதித்து 24 மணி நேரத்துக்குப் பின் அதைப் பூசுவது பொது வழக்கம். நுவரெலியாக் குளிரிலும் ஈரத்திலும் பசை மெதுவாகவே இறுகும். இன்னும் ஒரு நாள் பொறுங்கள். தட்டோடும் சமையல் மேடையும் சேரும் மூலையில் மட்டும் இடைச்சாந்து வேண்டாம், வெடித்துவிடும். அங்கே சிலிக்கோன் பசை இடுங்கள்.