கொடைக்கானலில் ரூம் போடும் முன்: வியூவைவிட முக்கியமான சில விஷயங்கள்

கோடை விடுமுறை நெருங்கினால் போதும், தெரிந்தவர்களிடமிருந்து ஒரே மாதிரி போன் வரும். "அண்ணே, கொடைக்கானல்ல நல்ல ரூம் எது? வியூ இருக்கணும், வாடகை கையைக் கடிக்கக் கூடாது." இத்தனைக்கும் நான் ஓட்டல் தொழிலில் இல்லை. கட்டடப் பொறியாளர். மலையில் ஒரு கட்டடம் விரிசல் விட்டால், தடுப்புச் சுவர் சாய்ந்தால், போய்ப் பார்த்து என்ன செய்யலாம் என்று சொல்வது என் வேலை. அதனால் நான் சொல்கிற பதில் கேட்பவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும்: பால்கனியில் நின்று முன்னால் பார்ப்பதற்கு முன்பு, கட்டடத்தின் பின்னாலும் கீழேயும் ஒரு தடவை பாருங்கள்.

பால்கனிக்கு முன்னால் பள்ளம் இருந்தால்தான் வியூ. பள்ளத்தின் விளிம்பில் கட்டடம் கட்டுகிற அளவுக்குச் சமதளம் தானாக அமையாது, யாரோ உண்டாக்கியிருக்க வேண்டும். ஜேசிபியை விட்டு மேல்பக்கம் மலையை வெட்டுவார்கள், வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி நிரப்புவார்கள். பாதிக் கட்டடம் கெட்டியான தரையிலும் மீதிப் பாதி கொட்டிய மண்ணிலும் நிற்கும். அந்தக் கொட்டிய மண் பக்கத்தில்தான் பால்கனி வரும், அந்த அறைக்குத்தான் வாடகையும் கூடுதல். பில்லரை ஆழமாக இறக்கிக் கெட்டித் தரையில் நிறுத்தியிருந்தால் பிரச்சினை இல்லை. நிறுத்தினார்களா என்பது விருந்தாளிக்குத் தெரியாது, ஆனால் நிறுத்தவில்லை என்றால் கட்டடமே காட்டிக்கொடுக்கும். தரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் போகிற மாதிரி இடைவெளி, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், மூடவே மூடாத பாத்ரூம் கதவு, படிக்கட்டு ஒரு பக்கமும் வீடு ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்பது. மலையில் ஈரத்துக்குக் கதவு ஊதுவது சகஜம், அதை வைத்து மட்டும் பயப்பட வேண்டாம். கதவும் விரிசலும் சேர்ந்து வந்தால் வேறு ரூம் கேளுங்கள்.

அடுத்தது கட்டடத்துக்குப் பின்னால், வெட்டிய மலையைத் தாங்கி நிற்கிற தடுப்புச் சுவர். எனக்கு இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். நல்ல தடுப்புச் சுவரில் வரிசையாகச் சின்ன பைப் துண்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும், வீப் ஹோல் என்போம். மண்ணுக்குள் சேருகிற மழைத்தண்ணீர் வெளியே வருவதற்கான வழி அது. ஒரு விடுதியில் அந்த பைப் வாயையெல்லாம் சிமென்ட் வைத்து அடைத்து, மேலே பச்சைப் பெயிண்டும் அடித்து வைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். "தண்ணி ஒழுகி ஒழுகி சுவரெல்லாம் பாசி பிடிக்குது சார், கெஸ்ட்டு போட்டோ எடுக்கிற இடம், அசிங்கமா இருக்குல்ல" என்றார் பார்த்துக்கொள்கிறவர். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை. ஆனால் அந்தச் சுவர் நடுவில் வயிறு தள்ள ஆரம்பித்திருந்தது. வெளியேற வழியில்லாத தண்ணீர் மண்ணைக் கனமாக்கிச் சுவரைத் தள்ளுகிறது, அவ்வளவுதான் விஷயம். ஆகவே மழை நாளில் பைப்பில் தெளிந்த தண்ணீர் சொட்டினால் நிம்மதியாக இருங்கள். மழை வெளுத்து வாங்கியும் ஒரு பைப்பிலும் சொட்டு வரவில்லை என்றாலோ, செம்மண் கலந்து கலங்கலாக வந்தாலோ, சுவரை ஒட்டிய அறையில் படுக்காதீர்கள்.

கொடைக்கானலுக்கு அதிக மழை கொடுப்பது வடகிழக்குப் பருவமழை. அக்டோபர், நவம்பரில் வாடகை குறைகிறதே என்று கிளம்புகிறவர்கள் இதையெல்லாம் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் கடலோரத்தை மட்டும் அடித்துவிட்டுப் போகவில்லை, கொடைக்கானல் மலையிலும் மரங்களைச் சாய்த்து, ரோட்டை மறித்து, கரண்ட்டையும் எடுத்துவிட்டது. நீலகிரியில் 2009 நவம்பரில் நடந்த மண்சரிவுகளில் நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். வயநாட்டில் 2024 ஜூலை 30 அதிகாலை நடந்தது யாருக்கும் மறந்திருக்காது. மூன்றும் மழை ஊறிய மலைகள். அதனால் அறை ஓடைக்குப் பக்கத்திலா என்று கேளுங்கள். விளம்பரத்தில் "ஓடைச் சத்தத்தில் கண்விழிக்கலாம்" என்று போட்டிருந்தால் எனக்குத் தூக்கம் போய்விடும். கோடையில் காலை நனைக்கக்கூடத் தண்ணீர் இல்லாத ஓடைதான் ஒரே ராத்திரியில் கல்லையும் மரத்தையும் உருட்டிக்கொண்டு வரும். கூரைக்கு மேலே பெரிய தைலமரமோ வாட்டில் மரமோ சாய்ந்து நிற்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

சரி, ஊருக்குள் எந்தப் பக்கம் தங்கலாம்? ஏரியைச் சுற்றி, ஏழு ரோடு பக்கம், ஆனந்தகிரி தெருக்கள், இதெல்லாம் நெரிசல், சத்தம், சீசனில் பார்க்கிங் சண்டை. ஆனால் மருந்துக்கடை, ஆஸ்பத்திரி, சாப்பாடு எல்லாம் நடந்து போகிற தூரம். வயதானவர்கள், கைக்குழந்தை, நெஞ்சுவலிக்காரர்கள் கூட வந்தால் கண்ணை மூடிக்கொண்டு இங்கேயே போடுங்கள். பெரிய வைத்தியம் என்றால் தேனிக்கோ மதுரைக்கோதான் இறங்க வேண்டும், அந்த மலைப்பாதை எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது ஏறும்போதே தெரிந்திருக்கும். ஊரை ஒட்டிய வட்டக்கானல் கிராமம் அழகு, மறுக்கவில்லை. ஆனால் குறுகலான ரோடு, பல வீடுகளுக்குப் படி இறங்கித்தான் போக வேண்டும், பனி இறங்கிய ராத்திரியில் முட்டிவலிக்கார அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்தப் படியில் ஏறிப் பாருங்கள் தெரியும். ஊரைவிட்டுத் தள்ளியிருக்கிற பூம்பாறை, மன்னவனூர் பக்கம் அமைதி வேண்டும் என்று போகிறவர்கள் இருட்டுவதற்குள் போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள்.

காட்டுமாடு பற்றியும் சொல்ல வேண்டும். கொடைக்கானலில் அது ஊருக்குள்ளேயே நடமாடுகிறது, சாயங்காலம் விடுதித் தோட்டத்தில் சாதாரணமாக மேயும். பார்க்கச் சாதுவாகத் தெரியும், பெரியது ஒரு டன் அளவுக்கு எடை வரும். அறையிலிருந்து சாப்பாட்டு இடத்துக்குப் போகிற வழியில் விளக்கு இருக்கிறதா, வேலி இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். டென்ட் போட்டுக் காட்டுக்குள் தங்கவைக்கிறோம் என்றால் அனுமதி இருக்கிறதா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடி பக்கம் ஒரு ரிசார்ட் டென்டில் தங்கியிருந்த பெண்ணை யானை தாக்கிக் கொன்றது.

மண்சரிவு எப்போதோ நடப்பது. எல்லா ராத்திரியும் நடக்கக்கூடிய ஆபத்து ஒன்று அறைக்குள்ளேயே இருக்கிறது, புகை. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம், டிசம்பர், ஜனவரியில் ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழே போகும். வெளியே சிக்கன் சுட்ட கரி அடுப்பை, கங்கு இன்னும் இருக்கிறதே என்று அறைக்குள் இழுத்து வைத்துக் கதவைச் சாத்திப் படுக்கிறார்கள். புகை தெரியாத கங்கிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில் இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி, பிறகு தூக்கம். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்தவர்களுக்கு இந்த மூன்றும் ஏற்கனவே இருக்குமே, அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. பாத்ரூமுக்குள்ளேயே கேஸ் கீசர் மாட்டியிருந்தாலும் இதே ஆபத்துதான், அதிலும் குளிர்காற்று வருகிறது என்று வென்டிலேட்டரில் பேப்பரைத் திணித்து வைத்திருப்பார்கள். பேப்பரை எடுத்துவிடுங்கள், அல்லது கரண்ட் கீசர் உள்ள அறையாகக் கேளுங்கள். அறைக்குள் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் மாத்திரை தேடாமல் முதலில் எல்லோரையும் வெளியே கூட்டி வந்துவிடுங்கள், அப்புறம் ஆஸ்பத்திரி.

போனில் புக் செய்கிறவர்கள் இவ்வளவையும் எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். பின்பக்கச் சுவரையும் வண்டி நிறுத்துகிற இடத்தையும் ஒரு நிமிட வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். மறைக்க ஒன்றும் இல்லாதவர்கள் அனுப்பிவிடுவார்கள். லைசென்ஸ் உண்டா, பில் கொடுப்பீர்களா என்றும் கேளுங்கள். மலை ஊர்களுக்கென்று தனிக் கட்டட விதிகள் 1993 முதலே இருக்கின்றன. அவற்றை மீறிக் கட்டியவை என்று நீதிமன்ற உத்தரவின்படி நகராட்சி சீல் வைத்த விடுதிகளும் உண்டு. இப்போது ஏறுவதற்கே இ-பாஸ் வேண்டும், 2024 மே முதல். அதை எடுக்கிற நேரத்தில் வானிலை அறிவிப்பையும் பார்த்துவிடுங்கள். கனமழை எச்சரிக்கை இருந்தும் போய்த்தான் ஆக வேண்டும் என்றால், மலைச்சுவரை ஒட்டிய கீழ்த்தள அறை வேண்டாம், ரோட்டுப் பக்கம் மேல்மாடியில் கொடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வியூ இல்லாத அறை என்பதால் வாடகையும் கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம்.