கேளாமல் அள்ளுற தண்ணி: ஒருவரின் உலகை வரைந்தெடுக்கும் நேர்காணல்

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் பெரியம்மா வீட்டு விறாந்தையில் எட்டு மட்டைத் துண்டுகளைப் பரப்பி வைத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு தண்ணீர். வீட்டுக் கிணறு, கோயில் கிணறு, தோட்டக் கிணறு, அயல்வீட்டுக் கிணறு, பவுசர் (தாங்கி லொறி) தண்ணி, போத்தல் தண்ணி, கீரிமலைக் கேணி, நிலாவரை என்ற பேர்பெற்ற கிணறு. எட்டையும் கண்ணாடி போட்டு வாசித்த பெரியம்மா, நிலாவரையை மட்டும் எடுத்து என் கையில் திருப்பித் தந்தார்.

"உது தண்ணியே பிள்ளை? உது பாக்கப் போற இடமெல்லோ."

நேர்காணல் அந்த இடத்திலேயே தொடங்கிவிட்டது. ஆளுக்கு ஆள் உலகத்தை அளக்கிற கோல் வேறு. அந்தக் கோல் செல்லுபடியாகும் எல்லையும் வேறு. நிலாவரை அவருடைய தண்ணீர்க் கோலின் எல்லைக்கு வெளியே கிடந்தது. நான் அதை உள்ளே இழுக்கவில்லை. மீதி ஏழோடு தொடர்ந்தோம்.

ஏழில் மூன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்: வீட்டுக் கிணறு, கோயில் கிணறு, அயல்வீட்டுக் கிணறு. "இதில எந்த ரெண்டு ஏதோ ஒரு வகையில ஒண்டு போல இருக்கு, மற்றது வேற மாதிரி இருக்கு எண்டு சொல்லுங்கோ பெரியம்மா." உவர், நன்னீர் என்று பிரிப்பார் என நினைத்திருந்தேன். நாலைந்து ஆண்டுகளாக நிலத்தடி நீர் பற்றி வாசித்துவரும் என் மூளை அப்படித்தான் பிரிக்கும்.

"வீட்டுக் கிணறும் கோயில் கிணறும் ஒண்டு. ஆரையும் கேளாமல் அள்ளலாம்."

"அப்ப மற்றது?"

"அது கேட்டு அள்ளுற தண்ணி."

இரண்டு துண்டுகள் சேர்ந்து ஒரு முனையைத் தந்தன. ஒதுங்கிய மூன்றாவது துண்டு மறுமுனையைத் தந்தது. இந்த முறையின் உயிர் அந்த மறுமுனையில் இருக்கிறது. "நல்ல தண்ணி" என்று ஒருவர் சொன்னதும் அதன் எதிர்ச்சொல்லை அகராதியிலிருந்து நாமே நிரப்பிக்கொள்கிறோம். அவர் மனதில் அதற்கு எதிரே நிற்பது கெட்ட தண்ணியாகவும் இருக்கலாம், தூரத்துத் தண்ணியாகவும் இருக்கலாம், பிறத்தியாரின் தண்ணியாகவும் இருக்கலாம். ஒரு சொல்லுக்கு எதிரே எது நிற்கிறது என்று தெரிந்தால்தான் அந்தச் சொல்லால் அவர் என்ன சொல்ல வருகிறார் என்பது பிடிபடும்.

இதை ஒரு முறையாக ஆக்கியவர் அமெரிக்க உளவியலாளர் ஜோர்ஜ் கெலி. 1905இல் கன்சாஸில் பிறந்தவர், முதலில் பௌதிகமும் கணிதமும் படித்தவர். 1930களில், வரட்சியும் புழுதிப் புயலும் கன்சாஸ் விவசாயிகளை உலுக்கிக்கொண்டிருந்த காலத்தில், ஊர் ஊராகப் போகும் ஒரு உளவியல் சிகிச்சை நிலையத்தை நடத்தினார். வந்தவர்களுக்கு முதலில் பிராய்டின் விளக்கங்களைச் சொல்லிப் பார்த்தார். பலருக்குச் சுகம் தெரிந்தது. பிறகு தானே வேண்டுமென்று புனைந்த விளக்கங்களைச் சொன்னார். அப்போதும் சிலர் தேறினார்கள். விளக்கம் சரியா பிழையா என்பதைக் காட்டிலும், அது அந்த ஆளின் நிலைமையை அவருக்கே வேறொரு கோணத்தில் காட்டியதா என்பதுதான் வேலை செய்கிறது என்ற முடிவுக்கு வந்தார். ஒவ்வொரு மனிதரும் தன் அளவில் ஒரு விஞ்ஞானி, நடக்கப் போவதை முன்கூட்டிக் கணிக்கத் தனக்கென்று அளவுகோல்களை ஆக்கி, அவற்றைப் பரீட்சித்துத் திருத்திக்கொண்டே வாழ்கிறார் என்பது அவர் கொள்கை. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1955இல், அதை இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். கெலியின் மட்டைகளில் தண்ணீர் இல்லை. தாய், தகப்பன், பிடித்த ஆசிரியர், பிடிக்காத ஆசிரியர் என்று ஒருவரின் வாழ்க்கையில் வந்துபோன மனிதர்கள் இருந்தார்கள். மூன்று மூன்றாக எடுத்துக் கேட்கும் விதம் அதேதான்.

ஏழு மட்டைகளில் மூன்றை 35 விதமாக எடுக்கலாம். அத்தனையும் தேவைப்படாது. பெரியம்மா ஒன்பதாவது சுற்றிலேயே முதலில் சொன்னவற்றைத் திருப்பிச் சொல்லத் தொடங்கினார். அதற்குள் ஆறு அளவுகோல்கள் கிடைத்திருந்தன. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது "பருப்பு வேகும் – வேகாது." உரும்பிராய் இருக்கிற வலிகாமத்தின் அடியில் கிடப்பது சுண்ணாம்புக் கல். அதனூடாக ஊறிவரும் தண்ணீர் கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு வருகிறது. அந்தக் கல்சியம் பருப்பின் கலச் சுவரில் உள்ள பெக்டினோடு பிணைந்து அதை இறுக்குவதால் பருப்பு எளிதில் குழையாது. அதே கல்சியம்தான் சவர்க்காரத்தையும் நுரைக்க விடாது. ஆய்வுகூடத்தில் நீரின் கடினத்தன்மை என்று சொல்வதைப் பெரியம்மா அடுப்படியில் பருப்பால் அளந்து வந்திருக்கிறார்.

அடுத்தது கட்டத்தாள். மேலே ஏழு தண்ணீர், பக்கத்தில் அளவுகோல்கள், ஒவ்வொரு கட்டத்திலும் 1 முதல் 5 வரை ஓர் எண். இதை ரெப்பர்ட்டரி கிரிட் என்பார்கள். துண்டுகளை நான் மேலே எழுதிய வரிசையில் வைத்தபோது, "கேளாமல் அள்ளலாம் (1) – கேட்டு அள்ளோணும் (5)" என்ற வரிக்குப் பெரியம்மா கொடுத்த எண்கள் 1, 1, 1, 5, 4, 4, 1. "நம்பிக் குடிக்கலாம் (1) – நம்பேலாது (5)" என்ற வரிக்கு 1, 1, 2, 4, 5, 4, 1. இரண்டு வரிகளையும் கட்டம் கட்டமாகக் கழித்துக் கூட்டினால் வருவது 3. ஏழு கட்டங்களுக்கும் ஆகக் கூடிய வித்தியாசம் 28 வரை போகலாம். பெரியம்மாவுக்குக் கேளாமல் அள்ளுவதும் நம்பிக் குடிப்பதும் கிட்டத்தட்ட ஒரே சங்கதி.

பருப்பு வரி (வேகும் 1, வேகாது 5) 4, 2, 4, 1, 1, 1, 5. நம்பிக்கை வரியோடு அதன் வித்தியாசம் 20. தொடர்பே இல்லைப் போலத் தெரியும். ஆனால் இந்த வரியின் முனைகளை மாற்றி, 1ஐ 5 ஆகவும் 2ஐ 4 ஆகவும் திருப்பிப் போட்டால் வித்தியாசம் 6 ஆகச் சுருங்குகிறது. பருப்பு நன்றாக வேகிற தண்ணியைத்தான் அவர் நம்பாமல் இருக்கிறார்! இதை நான் நேரே கேட்டிருந்தால் "அப்பிடி ஒண்டும் இல்லை" என்றிருப்பார், அதுவும் பொய்யாக இருந்திராது. தன் அளவுகோல்கள் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பது அவற்றை வைத்திருப்பவருக்கே அனேகமாகத் தெரிவதில்லை. கட்டத்தாள் அந்தப் பின்னலை வெளியே எடுத்து வைக்கிறது. கணினி நிரல்கள் இதையே படமாக வரைந்து தரும். ஏழெட்டுக் கட்டம் என்றால் பேனையும் கடதாசியும் போதும், இன்னும் சொல்லப்போனால் கையால் கழித்துப் பார்ப்பதுதான் நல்லது.

எண் காட்டியது பிணைப்பை. காரணத்துக்கு ஏணி வேண்டும். கெலியின் மாணவர் டெனிஸ் ஹிங்கிள் 1965இல் தன் ஆய்வேட்டில் விவரித்த முறை அது. இரு முனைகளில் எது உங்களுக்கு விருப்பம், ஏன் என்று கேட்டு, வரும் பதிலின் மேல் மறுபடியும் அதையே கேட்டு, படி படியாக மேலே ஏறுவது.

"ஏன் பெரியம்மா கேளாமல் அள்ளுறதுதான் நல்லது எண்டுறியள்?"

"கேட்டால் ஆற்றையும் முகத்தைப் பாக்கோணும்."

"முகத்தைப் பாத்தா என்ன?"

"சில நேரம் சிரிக்கும், சில நேரம் சுளிக்கும். சுளிச்சாலும் வாளியோட நிக்கோணும்."

"நிண்டா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஒருத்தருக்கும் கடமைப்பட்டு இருக்கப்படாது, பிள்ளை. தொண்ணூற்றைஞ்சில சாவகச்சேரியில ஆற்றையோ வளவுக் கிணத்தடியில நாள் முழுக்க நிண்டனான்."

1995 ஒக்டோபர் இறுதியில், போருக்கு அஞ்சி, வலிகாமமே வெறிச்சோடிச் சாவகச்சேரி இருக்கிற தென்மராட்சிக்கு நடந்தது. அந்தக் கிணற்றடியைப் பற்றி அவர் அதற்கு முன் என்னிடம் பேசியதே இல்லை. மூன்றே "ஏன்"களில் தண்ணீரிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்துவிட்டோம். ஏணியின் பலமும் ஆபத்தும் இதுதான். மேல் படிகளில் ஒருவர் தன்னை எதுவாக வைத்திருக்கிறார் என்பது இருக்கிறது, அங்கே அடுத்த "ஏன்" ஒரு குத்து. கேள்வியை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பினேன். ஆராய்ச்சிக்காக நேர்காணல் எடுக்கப் போகும் இளையவர்களுக்கு ஏணியில் ஏறுவதைவிட எங்கே நிற்பது என்பதை முதலில் பழக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

கீழே இறங்கவும் ஒரு வழி உண்டு. "ஏன்" என்பதற்குப் பதிலாக "எப்பிடித் தெரியும்?" என்று கேட்பது, பிரமிட் முறை என்பார்கள். தேத்தண்ணி குடித்தபின் அப்படிக் கேட்டேன். "கேட்டு அள்ளுற ஆக்களை எப்பிடிக் கண்டுபிடிப்பியள்?"

"வாளியைக் கிணத்துக்கட்டில வைக்காயினம். நிலத்தில வைப்பினம்."

எந்த வினாக்கொத்தாலும் இந்தப் பதிலைப் பிடித்திருக்க முடியாது. அந்த வாக்கியத்தைச் சொன்னது சொன்னபடியே எழுதினேன். "தாழ்வு மனப்பான்மை" என்றோ "சமூகத் தடை" என்றோ என் சொல்லில் மாற்றியிருந்தால் அதன் பிறகு அது என் உலகமாகிவிடும். இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் யார் அள்ளலாம், யார் கயிற்றைத் தொடக்கூடாது என்று சாதி நெடுங்காலம் கோடு கிழித்து வைத்திருந்தது. அந்தக் கோட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒரு குடும்பத்துப் பெண்மணியும் "கேட்டு அள்ளுற தண்ணி" என்றே சொல்லக்கூடும். அவருடைய ஏணி வேறெங்கோ போய் நிற்கும். பெரியம்மாவின் கட்டத்தாளை வைத்து "யாழ்ப்பாணத்தார் தண்ணீரை இப்படிப் பார்க்கிறார்கள்" என்று எழுதினால் அது பிழை. இது ஒரு ஆளின் வரைபடம், ஒரு நாளின் வரைபடம்.

மட்டையும் எண்ணும் ஒத்துவராதவர்களுக்குக் கெலி இன்னொரு வழி வைத்திருந்தார். உங்களை நன்றாக அறிந்த, உங்கள்மேல் பரிவுள்ள ஒரு நண்பர் உங்களைப் பற்றி எழுதுவது போல, ஒரு நாடகப் பாத்திரத்தை எழுதுவது போல, படர்க்கையில் உங்களைப் பற்றி நீங்களே எழுதுங்கள் என்பார். ஒருவருக்கு என்ன குறை என்று தெரியாவிட்டால் அவரையே கேளுங்கள், சொல்லக்கூடும் என்பது அவருக்கு முதல் விதி.

இந்த முறைகளால் என்ன பயன் என்பதற்கு நான் எப்போதும் சொல்வது பிரித்தானிய உளவியலாளர் ஃபே ஃபிரான்செல்லா 1972இல் வெளியிட்ட ஆய்வை. திக்கிப் பேசுகிறவர்களுக்குத் "திக்குகிற நான்" பற்றிய அளவுகோல்கள் செழித்துக் கிடந்தன. "சரளமாகப் பேசுகிற நான்" கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தது. அந்த வெறுமை நிரம்ப நிரம்பத் திக்கல் குறைந்தது.

போன மாதம் மறுபடியும் மட்டைகளோடு உரும்பிராய்க்குப் போனேன். புதிதாக ஒரு துண்டு சேர்த்திருந்தேன்: தாழையடியில் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை 2024இல் திறக்கப்பட்டதல்லவா, அந்தக் குழாய்த் தண்ணி. பெரியம்மா துண்டை வாங்கி வீட்டுக் கிணற்றுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு எடுத்தார். அயல்வீட்டுக் கிணற்றுக்கும் பவுசருக்கும் நடுவில் கொண்டுபோய்க் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"கேளாமல் வரும்தான்," என்றார். "ஆனா மற்றப் பக்கத்தில திறந்து பூட்டுறது ஆர்?"

ஏழாவது அளவுகோலை எழுதத் தாளைத் திருப்பினேன்.