குருவிக்கு ஒரு ஆபீஸ், தண்ணீருக்கு ஒரு ஆபீஸ்

மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம் செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய சதுப்பில், செப்டம்பர் பிறந்துவிட்டால் உள்ளான், பவளக்காலி போன்ற நீர்க்கரைக் குருவிகள் வடக்கே இருக்கும் குளிருக்குத் தப்பி வந்து இறங்கும், மார்ச் வரை இருக்கும். இவற்றுக்கென்று 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, சட்டம் 716 என்பார்கள்.

அந்தச் சட்டம் லைசென்ஸ் இல்லாமல் குருவியைப் பிடிப்பது, கொல்வது, வைத்திருப்பது போன்றவற்றைத்தான் தடுக்கும். அது நிற்கும் சேறு யாருடையது என்பது வேறு கதை. நிலம் மாநில அரசின் கையில், மதகு பெரும்பாலும் ஜே.பி.எஸ். என்ற வடிகால், பாசன இலாகாவின் கையில், குருவி பெர்ஹிலித்தான் என்ற வனவிலங்கு இலாகாவின் கையில். நேரம் கெட்ட நேரத்தில் மதகைத் திறந்து தண்ணீர் ஏற்றினால் போதும், அலை ஏறும்போது இவை ஒதுங்கி நிற்கும் திட்டு முழுகிவிடும். நீண்ட காலென்று நினைக்காதீர்கள், பல உள்ளான்களுக்கு விரல் நீளத் தண்ணீரே அதிகம்.

இதைச் சொல்ல நானும் எங்கள் மண்டோர் (மேஸ்திரி) அண்ணனும் ஒரு கவுண்டருக்குப் போனோம். "குருவி செத்திருக்கா?" இல்லை. "அப்போ எங்க வேலை இல்ல." அடுத்த கவுண்டரில் நிலத்துக்குக் கிரான் (பட்டா) கேட்டார்கள். சதுப்புக்கு நாங்கள் எங்கே போய்க் கிரான் எடுப்பது? இரண்டு நாள் சம்பளம் போனதுதான் மிச்சம்.

அதனால் ஒரே கடிதத்தில் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். தண்ணீர் பற்றி ஒன்று, நிலத்தை மண் போட்டு நிரப்புவது பற்றி ஒன்று, வலை, கண்ணி பற்றி ஒன்று, மூன்றும் மலாயில். இடத்தைக் கூகிள் மேப்பில் குறித்து, தேதியோடு படம் இணையுங்கள். நகலில் சாப் (முத்திரை) குத்தி வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதம் "கடிதமே வரலையே" என்பார்கள். சதுப்பு தோட்டத்து எல்லைக்குள் இருந்து, அந்தத் தோட்டத்துக்கு ஆர்.எஸ்.பி.ஓ. என்ற, இயற்கையைக் கெடுக்காத செம்பனை எண்ணெய்க்கான சான்றும் இருந்தால், மேனேஜரிடமே எழுத்தில் கேளுங்கள். முக்கியமான இயற்கைப் பகுதிகளைப் பேணுவது சான்றின் நிபந்தனைகளில் ஒன்று.

அப்புறம் நம் ஆட்களே மாட்டுவது. ருவாக் ருவாக் என்ற நீர்க்கோழியைப் பிடித்துக் கறி வைப்பதும், அடிபட்டு விழுந்த குருவியைப் பாவம் என்று கூண்டில் வளர்ப்பதும் ஒன்றுதான், லைசென்ஸ் இல்லாமல் பாதுகாக்கப்பட்ட பறவையை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். "எனக்குத் தெரியாது சார்" எடுபடாது. அடிபட்டதைக் கண்டால் எடுத்துப் போகாமல், அங்கிருந்தே பெர்ஹிலித்தானுக்குப் போன் செய்து, அடுவான் (புகார்) நம்பரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மதகுக் கடிதத்தை மட்டும் ஆகஸ்டிலேயே கொடுத்துவிடுங்கள், பதில் வருவதற்குள் குருவி வந்துவிடும்.