சிஃபு: எஜமானர் அல்ல, ஆசான்

புரூஸ் லீ பற்றிய தமிழ்க் காணொளிகளில் 'குங்ஃபூ எஜமானர்' என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. நேற்றும் ஒன்றில் அதே சொல். இனியும் பேசாமல் இருக்க முடியாது.

மூலச்சொல் கான்டனீஸ் மொழியின் 'சிஃபு'. அதை இரண்டு விதமாக எழுதுவார்கள். இரண்டிலும் 'சி' என்றால் ஆசிரியர். ஒன்றில் 'ஃபு' தந்தை. மற்றது கைதேர்ந்த தொழிலாளியை, சமையல்காரரைக்கூட, மரியாதையாக அழைப்பது. நம் டீ மாஸ்டர், டெய்லர் மாஸ்டர் மாதிரி. குங்ஃபூ என்பதும் முதலில் சண்டையைக் குறித்த சொல் அல்ல, நாள்பட உழைத்துப் பெற்ற திறமை.

சரி, எஜமானர் எங்கிருந்து வந்தார்? ஆங்கில அகராதியில் 'மாஸ்டர்' என்பதற்கு முதலில் கண்ணில் பட்ட பொருளிலிருந்துதான். வடமொழியில் யஜமானன் என்பவர் பொருள் செலவழித்து வேள்வி செய்விப்பவர், தட்சணை கொடுப்பவர். சிஃபுவோ தட்சணை வாங்கிக்கொண்டு வித்தை கொடுப்பவர். திசையே தலைகீழ். தமிழில் எஜமானருக்கு எதிரே நிற்பவர் வேலைக்காரர், மாணவர் அல்ல.

1959இல் ஹாங்காங்கிலிருந்து அமெரிக்கா போன புரூஸ் லீ, சியாட்டிலில் ஓர் உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்துக்கொண்டே கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். முதல் மாணவர் ஜெஸ்ஸி குளோவர் ஒரு கறுப்பினத்தவர். இன்னொருவர் டாக்கி கிமுரா, ஜப்பானிய அமெரிக்கர், இரண்டாம் உலகப்போரின்போது முகாமில் அடைக்கப்பட்டவர், புரூஸ் லீயைவிடப் பதினாறு வயது மூத்தவர். 1973இல் புரூஸ் லீயின் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். அதன்பின் பல்லாண்டுகள் தன் மளிகைக் கடையின் நிலவறையில் அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தார், கல்லறையையும் பராமரித்தார். இப்படிப்பட்டவருக்கு புரூஸ் லீ எஜமானரா?

'வல்லுநர்', 'நிபுணர்' என்று எழுதுபவர்களும் உண்டு. தவறில்லை, ஆனால் போதாது. வல்லுநர் தனியாக இருக்கலாம். மாணவர் இல்லாமல் சிஃபு இல்லை. 'குரு' என்றாலோ இன்று காவியும் ஆசிரமமும் நினைவுக்கு வந்துவிடுகின்றன.

நல்ல சொல் நம்மிடமே இருக்கிறது: ஆசான். கன்னியாகுமரிப் பக்கம் அடிமுறையும் வர்மமும் சொல்லித்தருபவரை இன்றும் ஆசான் என்றுதான் அழைக்கிறார்கள். இதுவும் 'ஆசாரியன்' வழி வந்ததுதானே என்று சிலர் வாதிடுவார்கள். இருக்கட்டும். நன்னூல் காலத்துக்கு முன்பே தமிழாகிவிட்ட சொல், பொருளும் பிசகவில்லை. ஆசான் சொன்னதை முழுதாகக் கொண்டாலும் கால்பங்குதான் தேறும், இன்னொரு கால்பங்கு உடன் பயில்பவர்களோடு பழகுவதில் வரும் என்கிறது நன்னூல்.

குங்ஃபூப் பள்ளியும் அப்படித்தான் நடக்கிறது. ஹாங்காங்கில் இப் மான் என்ற ஆசானிடம் சேர்ந்த புரூஸ் லீக்கு மூத்த மாணவர் வோங் சுன் லியுங் நிறையக் கற்றுக்கொடுத்தார். அப்படி முன்னே சேர்ந்தவரை 'சிஹிங்' என்பார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் அதற்கு 'மூத்த சகோதரர்' என்று போடுகிறார்கள். எந்தச் சிலம்பக் கூடத்தில் யார் அப்படிக் கூப்பிடுகிறார்கள்? 'அண்ணே' என்று போடுங்கள்.