பெல்லட் அடுப்பு ஏன் தானாக நின்றுபோகிறது?

நுவரெலியாவில் தை, மாசி இரவுகளில் புல் மேல் உறைபனி விழும். அந்தக் குளிருக்கென்று பூட்டிய பெல்லட் அடுப்பு, அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த சிறு துண்டுகளை (பெல்லட்) எரித்து அறையைச் சூடாக்கும் அடுப்பு, நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதே நின்றுபோனால் எரிச்சல் வரத்தான் செய்யும். பழுது பார்க்க ஆள் தேடுமுன் கடிகாரத்தைப் பாருங்கள். மூட்டி எவ்வளவு நேரத்தில் நின்றது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

அடுப்பின் வேலை எளிது. மேலே உள்ள தொட்டியிலிருந்து திருகுத்தண்டு ஒன்று பெல்லட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிகிண்ணத்தில் போடும். சூடேறும் கம்பி அதைப் பற்றவைக்கும். ஒரு விசிறி புகையை வெளியே இழுக்கும்; அந்த இழுவையில்தான் கிண்ணத்தின் துளைகள் வழியே புதுக்காற்று நெருப்புக்கு வருகிறது. இவற்றைக் கண்காணிக்கச் சில உணரிகள் உண்டு. ஒன்றுக்குச் சந்தேகம் வந்தாலும் பெல்லட் வருவது நின்றுவிடும்.

மூட்டிக் கால் மணி, அரை மணிக்குள் நின்றால், புகைக்குழாய் போதிய சூட்டை எட்டவில்லை, அதனால் நெருப்பே பிடிக்கவில்லை என்று அடுப்பு முடிவு கட்டியிருக்கும். நன்றாகச் சூடேறி, அனல் அடித்தபின் நின்றால், அறைக்குள் சூட்டைத் தள்ளும் விசிறியில் தூசி அடைத்திருக்கலாம். ஓரிரு மணி நேரம் எரிந்து, சுடர் சோம்பலாகி, மஞ்சளாகி, கண்ணாடி கறுத்து நின்றால் அது காற்றுக் குறை. பெரும்பாலும் இதுதான்.

கிண்ணத்தை வெளியே எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். எல்லாத் துளையும் தெரிய வேண்டும். பெல்லட்டில் மண்ணோ பட்டையோ கலந்திருந்தால் சாம்பல் உருகி, கண்ணாடி போன்ற கட்டியாகத் துளைகளில் ஒட்டிக்கொள்ளும். சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அடுத்து கதவு. நூறு ரூபாய்த் தாளை இடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் கதவைச் சுற்றியுள்ள கயிறு தேய்ந்துவிட்டது. காற்று கிண்ணத்தின் வழியே போகாமல் அந்த இடுக்கால் நுழைகிறது. கடைசியாக, இழுவை இருக்கிறதா என்று பார்க்கும் அழுத்த சுவிட்ச்சுக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாய். அதன் வாயில் சிறிது சாம்பல் அடைத்தாலே, இழுவை இல்லை என்று நினைத்து அடுப்பு நின்றுவிடும். குழாயை சுவிட்ச்சிலிருந்து கழற்றிவிட்டு ஊதுங்கள். பூட்டியபடியே ஊதினால் சுவிட்ச் கெட்டுவிடும்.

மலைநாட்டில் இன்னும் இரண்டு சிக்கல்கள். முதலாவது ஈரம். பெல்லட் என்பது அழுத்திய மரத்தூள். மரத்திலுள்ள லிக்னின்தான் அதைப் பிடித்து வைக்கிறது. நல்ல பெல்லட்டில் ஈரம் 10 சதவீதத்துக்கு மேல் இருக்காது. மூடுபனிக் காலத்தில் திறந்து வைத்த தேயிலைத் தூள் நமத்துப்போவதுபோல் இதுவும் ஈரத்தை உறிஞ்சி, ஊதி, மறுபடி தூளாகிவிடும். அந்தத் தூள் திருகுத்தண்டை அடைக்கும். பெல்லட் வராமல் நெருப்பு பட்டினி கிடந்து அணையும். மூட்டையை ஈரச் சுவரில் சாய்க்காமல் பலகை மேல் வையுங்கள்.

இரண்டாவது உயரம். நுவரெலியா இருக்கும் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் 80 சதவீதம்தான். விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் நெருப்புக்குப் போகும் ஒட்சிசன் குறைவு, புகைக்குழாயின் இழுவையும் குறைவு. கொழும்பில் சரியாக எரியும் அளவு இங்கே அதிகமாகிவிடும். பெல்லட் போடும் வேகத்தைக் குறைக்கவோ விசிறியின் வேகத்தைக் கூட்டவோ வேண்டும். சில அடுப்புகளில் அதற்கான அமைப்பே இருக்கும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்: அழுத்த சுவிட்ச்சின் இரு வயர்களையும் சேர்த்து முறுக்கி அடுப்பை ஓட்டுவது. குளிருக்காகக் கதவு, யன்னல் எல்லாம் அடைத்த அறைக்குள் புகை திரும்பினால் காபன் மொனொக்சைட் சேரும். அதற்கு மணமில்லை, நிறமுமில்லை. தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது.

கரண்ட் போனாலும் இதே ஆபத்து உண்டு. விசிறி நின்றுவிடும், கிண்ணத்தில் கிடக்கும் பெல்லட்டோ கொஞ்ச நேரம் புகைந்துகொண்டிருக்கும். பற்றவைக்கும் கம்பிக்குத்தான் சில நூறு வாட் தேவை. எரியத் தொடங்கியபின் மோட்டர்கள் இழுப்பது அதைவிட மிகக் குறைவு. அதனால் ஒரு சிறிய இன்வேர்ட்டரே விசிறியை ஓட்டப் போதும். அது இல்லாத வீட்டில், கரண்ட் போனதும் அடுப்பின் கதவைத் திறக்காமல் யன்னலைத் திறந்துவிடுங்கள்.