பிறேக், தடுப்பு, தேய்பட்டை: ஒரு சொல் விளக்கம்

யாழ்ப்பாணத்துக் கராஜ் ஒன்றுக்குப் பிக்கப் வாகனத்தைக் கொண்டுவந்த ஒருவர் "பிறேக் தேஞ்சு போச்சு, மாத்த வேணும்" என்று சொன்னால், மெக்கானிக் உடனே "முன்னுக்கோ பின்னுக்கோ? லைனரோ பாட்டோ?" என்று கேட்பார். காலால் மிதிக்கும் மிதி, அழுத்தத்தைக் கடத்தும் குழாய்கள், சில்லோடு சுழலும் தட்டு, அத்தட்டைக் கவ்வும் கட்டையாகிய பாட், தேயும் பட்டையாகிய லைனர் ஆகிய அனைத்தும் நம்முடைய பேச்சில் பிறேக் என்ற ஒரு பெயருக்குள் அடங்கிவிடுவதனாலேயே இந்தக் கேள்வி தேவைப்படுகின்றது. இவற்றுள் மிகுதியாகத் தேய்வதும் காலத்துக்குக் காலம் மாற்றப்படுவதும் ஒரு சிறு பகுதியே. ஆகவே பிறேக் என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுவோர் முழுத் தொகுதிக்கு ஒரு பெயரும் தேயும் பகுதிக்கு வேறொரு பெயரும் தேட வேண்டியவர்களாகின்றனர்.

ஆங்கிலத்தில் இச்சொல்லின் வரலாறு நேர்கோட்டில் அமைந்ததன்று. ஆளிச்செடியின் தண்டை நொறுக்கி நாரைப் பிரித்தெடுக்கும் கருவிக்கு இடைக்கால டச்சு மொழியில் வழங்கிய பெயரோடு இதனைத் தொடர்புபடுத்துவர். உடைத்தல் என்னும் பொருளுடைய ஆங்கில வினையும் அக்கருவியின் பெயரும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கை என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லொன்றின் வழியாக, நெம்புகோலின் பிடியைக் குறித்து வந்தது என்று கொள்வோரும் உளர். எவ்வழியாயினும் வண்டிச் சில்லை நிறுத்தும் கருவி என்ற பொருள் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே நிலைபெற்றது. வேகத்தை உடைப்பது என்று பொருள்கொண்டு தமிழாக்க முயல்வது, இந்த வரலாற்றைப் பார்க்கும்போது, ஒலியை நம்பி ஏமாறுவதாகும்.

ஈழத்தில் இதனை றகரமிட்டுப் பிறேக் என்று எழுதுவதே பெருவழக்கு. தமிழகத்தார் பிரேக் என்று எழுதுவர். றோட்டு என்று எழுதிப் பழகிய ஈழத்துக் கைக்குப் பிறேக் என்பதே இயல்பானது. எழுத்தைவிடக் கவனிக்கத்தக்கது இச்சொல்லோடு சேரும் வினை. காலால் மிதிக்கும் ஒன்றை நாம் "பிறேக் பிடித்தான்" என்கிறோம். சைக்கிளின் கைப்பிடியோடு சேர்த்து நெம்பைப் பிடித்த பழக்கம் மோட்டார் வாகனத்துக்கும் வந்திருக்கலாம். "பிறேக் பிடிக்குதில்லை" என்னும்போதோ பிடிக்கின்ற வேலை மனிதனிடமிருந்து கருவிக்கு மாறிவிடுகின்றது. இந்த இரண்டு வழக்கையும் தாங்கக்கூடிய சொல்லே மாற்றுச் சொல்லாக நிலைக்க முடியும்.

இலங்கையின் தமிழ்மொழிமூலப் பாடநூல்களும் வினாத்தாள்களும் இதற்குத் தடுப்பு என்ற சொல்லைக் கையாள்கின்றன. "தடுப்புகளைப் பிரயோகித்தபோது வண்டி சீரான அமர்முடுகலுடன் ஓய்வுக்கு வந்தது" என்ற பாங்கிலான வாக்கியம் இணைந்த கணிதம் படித்த எவருக்கும் பழக்கமானது; அமர்முடுகல் என்பது வேகம் குறையும் வீதம். தடு என்பது கன்னடத்திலும் மலையாளத்திலும் உறவுச் சொற்களையுடைய பழைய திராவிட வேர். தடை, தடுக்கு என்பனவும் அதன் வழிவந்தவை. தடை என்ற சொல்லையே பிறேக்குக்கு வைக்கலாம் என்பார்க்கு, மின்னியலில் அது வேறு பொருளில் ஏற்கனவே குடியேறிவிட்டது என்பதும், தமிழகத்தில் வேகத்தடை என்பது வீதியின் குறுக்கே உள்ள மேட்டைக் குறிக்கின்றது என்பதும் இடையூறாகும். நிறுத்தி என்ற சொல் நிறுத்தும் பணியை மட்டும் சொல்லி, வேகத்தைக் குறைக்கும் பணியை விட்டுவிடுகின்றது. ஆயினும் தடுப்பிலும் ஒரு சங்கடம் உண்டு. 2009இல் போர் முடிந்த பின்னர் வடக்கில் "தடுப்பில இருந்தவர்" என்றால், படையினரால் தடுத்துவைக்கப்பட்டிருந்தவர் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாடநூலில் வழுவின்றி நிற்கும் இச்சொல் கராஜின் வாசலைத் தாண்டாமைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

கராஜுக்குள் ஏற்கனவே நுழைந்துவிட்ட தமிழ்ச்சொல் கட்டை. சைக்கிளின் விளிம்பைக் கவ்வும் இறப்பர்த் துண்டை பிறேக் கட்டை என்றே நம்மவர் அழைப்பர். தேர் இழுக்கும்போது சில்லின் கீழ் மரக்கட்டை செருகித் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் செய்வது தமிழர் ஊர்களின் பழைய நுட்பம். ஒருவன் செயலுக்கு மற்றவன் முட்டுக்கட்டை போடுகிறான் என்ற மரபுத்தொடரும் இத்தகைய கட்டையை வைத்தே எழுந்தது. திருவாரூர் ஆழித்தேருக்கு நீரழுத்தத் தடுப்புப் பொருத்தப்பட்ட பின்னரும் திருப்பங்களில் கட்டைக்கு வேலை இருக்கின்றது. மேற்கு நாட்டிலும் நிலைமை பெரிதும் வேறாக இருக்கவில்லை. இறக்கத்தில் இறங்கும் வண்டியின் சில்லுக்குக் கீழே இரும்பாலான அடித்தகடொன்றை வைத்து இழுபடவிடுவர். காலணி போன்ற அதன் வடிவத்தாலேயே சூ என்ற பெயர் உண்டாயிற்று. அதனைத் தடுப்புச் சப்பாத்து என்று தமிழாக்கினால் சிரிப்பு வருமே ஒழியப் பொருள் விளங்காது. இன்றைய வாகனத்தில் சில்லோடு சுழலும் உருளையாகிய டிறம்முக்குள் இருந்து அதனை அழுத்தும் சூ வளைந்திருப்பதனால் வளைகட்டை என்றும், தட்டை இருபுறமும் கவ்வும் பாட்டை கவ்வுகட்டை என்றும் சொல்லலாம்.

இனித் தேயும் பகுதிக்கு வருவோம். வளைகட்டையும் கவ்வுகட்டையும் இரும்பாலானவை. அவற்றின் முகத்தில் ஒட்டப்பட்டோ ஆணியறையப்பட்டோ உள்ள உராய்வுப் பொருளே தேய்கின்றது. லைனர் என்று வழங்கும் இதற்குத் தேய்பட்டை என்ற சொல் பொருந்தும் என்பது என் கருத்து. வினைத்தொகையாகையால் தேய்ந்த பட்டை, தேய்கின்ற பட்டை, தேயும் பட்டை என முக்காலத்தையும் அது உணர்த்தும். சுழலும் இரும்பைக் காப்பதற்காகத் தானே தேயும்படி இது ஆக்கப்பட்டிருப்பதனால் அப்பெயருக்கு இது முழு உரிமையுடையது. கணக்கியலிற் பெறுமானத் தேய்வு என்று சொல்லப் பழகிய நாட்டில் தேய்வு என்ற சொல்லும் அந்நியமன்று.

புதிய கவ்வுகட்டையில் தேய்பட்டையின் தடிப்பு ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் இருக்கும். 3 மில்லிமீற்றருக்கு வந்ததும் மாற்றிவிடுவது நல்லது. பல கவ்வுகட்டைகளில் சிறு உலோகத் தகடொன்று வைக்கப்பட்டிருக்கும். பட்டை எல்லைக்குத் தேய்ந்ததும் அது தட்டில் உரசிக் கீச்சிடும். அந்த ஒலியைப் பொருட்படுத்தாமல் ஓடினால் இரும்பு இரும்போடு அரைபட்டுத் தட்டில் பள்ளம் விழும். பிறகு தட்டையும் கடைய வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். எவ்வளவுக்குக் கடையலாம் என்பதற்குத் தட்டிலும் டிறம்மிலுமே எல்லை அளவு பொறிக்கப்பட்டிருப்பதுண்டு.

பிக்கப் வாகனங்கள் பலவற்றில் முன்னுக்குத் தட்டும் பின்னுக்கு டிறம்மும் இருக்கும். பிறேக் பிடிக்கும்போது வாகனத்தின் பாரம் முன்னோக்கிச் சாய்வதனால் முன்சில்லின் பட்டைகளே விரைவில் தேய்கின்றன. பெட்டி வெறுமையாக இருக்கையில் பின்சில்லில் பாரம் மிகக் குறைவு. அப்போது பின்னுக்கு முழு அழுத்தம் போனால் சில்லு பூட்டிக்கொண்டு வாகனம் வழுக்கும். இதற்காகவே பின் அச்சோடு கோலொன்றால் இணைந்து, சுமைக்கு ஏற்ப அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று பல பிக்கப்புகளில் உண்டு. சுமையுணர் வால்வு என்று அதனை அழைப்பது பொருந்தும். அந்தக் கோல் துருவேறி இறுகினால் வெங்காய மூடைகளோடு தம்புள்ளைக்குப் போகும் வாகனத்தில் பின் தடுப்புப் போதிய வேலை செய்யாது. முன்பட்டைகள் கூடுதலாக உழைக்க நேரும். தீவகத்து மீனை ஐசோடு ஏற்றிப் பண்ணைப் பாலத்தால் வரும் வாகனங்களின் அடிப்பாகம் உப்பில் ஊறுவதால் இது நம்மூருக்கு அந்நியமான பழுதன்று. 2020 முதல் 2025இன் தொடக்கம் வரை வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால் பழைய பிக்கப்புகளே தொடர்ந்து உழைக்க வேண்டியிருந்தது என்பதையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும்.

மாற்றுதல் என்ற சொல்லும் விளக்கம் வேண்டுவதே. ஒரு பக்கத்துப் பட்டை மட்டும் தேய்ந்திருந்தாலும் ஒரே அச்சின் இரு பக்கத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லையேல் வாகனம் ஒரு பக்கம் இழுக்கும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தது ஏன் என்று பார்ப்பதும் மாற்றுதலின் பகுதியே. கவ்வுகட்டைகளைத் தட்டோடு அழுத்தும் கவ்வி (கலிப்பர்) வழுக்கி நகர உதவும் வழுக்கூசி இறுகியிருப்பது பெரும்பாலும் அதற்குக் காரணமாகும். டிறம்மைக் கழற்றியதும் உள்ளிருக்கும் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதித் தள்ளும் வழக்கம் கைவிடப்பட வேண்டியது. பழைய தேய்பட்டைகளிற் கல்நார் (அஸ்பெஸ்டஸ்) கலந்திருந்தது. அதன் நுண்ணிழைகள் நுரையீரலுக்குக் கேடு. நனைத்த துணியால் துடைத்தெடுப்பதே முறை.

பிறேக் ஒயில் என்ற வழக்கையே நான் மாற்றும்படி வற்புறுத்துவேன். அது எண்ணெயன்று, டொட் 3, டொட் 4 என்ற குறியீடுகளோடு விற்கப்படுவது கிளைக்கோல் சார்ந்த திரவம். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினால் அதன் கொதிநிலை காலப்போக்கில் தாழும்: டொட் 3இன் கொதிநிலை ஈரமற்ற நிலையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ், ஈரமேறிய நிலையில் 140 பாகை. பட்டை தேயத் தேய, கவ்வுகட்டையைத் தள்ளும் பிஸ்டன் வெளியே நகர்வதனால் கலத்தில் திரவத்தின் மட்டமும் தாழ்கின்றது. பலர் இதனை ஒழுக்கு என்று எண்ணி மேலும் ஊற்றுகின்றனர். புதிய பட்டை பூட்டப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அந்த மிகுதி வழிந்து வாகனத்தின் நிறப்பூச்சை அரிக்கும். ஒயில் என்ற பெயரை நம்பி எஞ்சின் ஒயிலை அக்கலத்தில் ஊற்றினாலோ, இறப்பர் வளையங்கள் உப்பிப் பிரதான சிலிண்டர் முதல் சில்லுச் சிலிண்டர் வரை அனைத்தையும் மாற்ற நேரும். தடுப்புத் திரவம் என்று எழுதிப் புட்டியில் ஒட்டிவைத்தால் அந்தச் செலவு மிச்சமாகும்.